பத்தாம் வகுப்பு வந்தாலும் நீச்சலை நிறுத்தாதீர்கள்

அல்சூரில் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் வந்தாலே காலை பேட்ச்சில் தலைகள் குறைந்துவிடுகின்றன. கேட்டால், "எஸ்.எஸ்.எல்.சி. வந்துருச்சு, ஸ்டேட் லெவலுக்கும் போகல, இனி எதுக்கு?" என்கிறீர்கள். ட்யூஷன் கவலை எனக்கும் தெரியும். அந்த "இனி எதுக்கு"தான் உறுத்துகிறது.

பெர்னார்ட் ஃபிரேபர்க் என்று ஒருவர். நியூசிலாந்தில் வளர்ந்தவர், 1906லும் 1910லும் அந்நாட்டின் 100 கஜ நீச்சல் சாம்பியன். தொழில், பல் வைத்தியம். நம் கணக்குப்படி அவருடைய நீச்சல் அத்தோடு சரி.

1915 ஏப்ரலில், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலியில் சண்டை தொடங்கும் இரவு. அவர் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் படை பக்கத்துச் சாரோஸ் வளைகுடாவில்தான் இறங்கப்போகிறது என்று துருக்கியரை நம்பவைக்க வேண்டும். ஒரு சிறு படையையே கரைக்கு அனுப்பி வெளிச்சம் காட்டுவதுதான் முதல் திட்டம். அத்தனை பேரைப் பலிகொடுப்பானேன், நான் ஒருவன் நீந்திப் போகிறேன் என்றார் ஃபிரேபர்க். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, கொளுத்தினால் வெளிச்சம் தரும் ஃபிளேர்கள் வைத்த பையை இழுத்தபடி, நடுக்கும் குளிரில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீந்தினார். கரையில் ஓரிடத்தில் கொளுத்திவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கி, தள்ளிப்போய் இன்னோரிடத்தில் கொளுத்தினார். அப்புறம் இருட்டுக் கடலில் திரும்ப நீந்தினார்; படகு வந்து தூக்கிக்கொண்டது. அதற்குத்தான் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது. டைமிங் எடுக்க அங்கே யாரும் இல்லை.

அடுத்த ஆண்டு பிரான்சில், பல முறை காயம்பட்டும் களத்தை விட்டு நகராததற்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ். 1925இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கப் பார்த்தார்; இங்கிலாந்துக் கரையை நெருங்கியும் முடியவில்லை. சாம்பியனாக இருந்து 15 வருடம் கழித்தும் மனுஷர் தண்ணீரை விடவில்லை, பாருங்கள்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியின் காசினோ மடாலயத்தைக் குண்டுவீசித் தகர்க்கச் சொன்னவர்களில், அப்போது ஜெனரலாக இருந்த அவரும் ஒருவர். அப்போது 4ஆம் இந்தியப் படைப்பிரிவும் அவர் தலைமையில் இருந்தது. அதே மாதம் அதே இத்தாலியில்தான், நம் பக்கத்து எம்.இ.ஜி.யின் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) முன்னோடியான, மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த பிரிட்டிஷ் வீர விருது பெற்ற தமிழர். பிள்ளைகளுக்கு இவரையும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. நீச்சல் பட்டியலிலிருந்து பேரை மட்டும் அடித்துவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள், காலை ஆறிலிருந்து ஏழு போதும். ஏழரைக்கு ட்யூஷனில் இருக்கலாம். மெடலுக்கு ஓடும் பிள்ளைகளோடு சேர்க்காமல் பத்தாம் வகுப்புக்குத் தனி லேன் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஐந்தாறு பெற்றோர் கூட வந்தால் கோச் மறுக்கமாட்டார். வருகிறவர்கள் சனிக்கிழமை பேட்ச் முடிந்ததும் கேட் பக்கம் நில்லுங்கள்.

உங்களைப் போல் ஒரு பெற்றோர்