விருதுக் குழுக்களில் இருப்பவர்களுக்கு, பத்திரிகை ஆசிரியர்களுக்கு

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் கதை எழுதும் பெண். என் முதல் சிறுகதையைப் படித்த ஓர் ஆசிரியர், “இது உங்கள் வீட்டில் நடந்ததா?” என்று கேட்டார். மொழியைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு வருடம் யாருக்கும் எதையும் அனுப்பாமல் இருந்தேன். உடம்பைப் பற்றி, தாம்பத்தியத்தைப் பற்றி எழுதிய வரிகளை நானே அடித்தேன். புத்தகத்தை எரித்தால்தான் தடையா? இதுவும் தடைதான்.

இது பழைய கதை. ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டி இருபது வயதில் தன் கவிதைகளை இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதிக்கு அனுப்பினார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பணியாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று 1837-இல் பதில் வந்தது. பத்து வருடம் கழித்து அவருடைய நாவல் ‘ஜேன் அயர்’ வெளிவந்தபோது அட்டையில் இருந்தது கரர் பெல் என்ற புனைபெயர். எழுதியது ஆணா பெண்ணா என்று துப்பறியக் கிளம்பினார்கள். பெண் என்றால், மற்ற பெண்கள் சேர்த்துக்கொள்ளாத ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்றது 1848-இல் வந்த ஒரு விமர்சனம். அதைப் பெயர் போடாமல் எழுதியவரும் ஒரு பெண், எலிசபெத் ரிக்பி. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. அந்தக் கண்ணால் பார்க்க எங்களையும் பழக்கிவிட்டார்கள்.

பிரான்சில் கொலெத் எழுதிய முதல் நாவல் 1900-இல் கணவர் பெயரில் வந்தது. 1635-இல் தொடங்கிய, பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதமி முதல் பெண் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 1980-இல். 1901 முதல் 2024 வரை இலக்கிய நோபல் பெற்ற 121 பேரில் பெண்கள் 18.

சரி, இப்போது யாரும் அப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. “பெண் எழுத்து” என்று தனியாக ஒரு பகுதி ஒதுக்குகிறீர்கள், சிறப்பிதழ் போடுகிறீர்கள். அப்புறம் நாவலைப் பற்றிப் பொதுவாகப் பேசும் கட்டுரையில் எங்கள் பெயர் இருப்பதில்லை. ஆண் தன் வாழ்க்கையை எழுதினால் அது காலத்தின் குரல், நாங்கள் கற்பனையாக எழுதினாலும் சொந்தக் கதை.

சலுகை வேண்டாம். முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். திருப்பி அனுப்புவதென்றால் அனுப்புங்கள், ஆனால் காரணம் கதைக்குள் இருக்கட்டும்.

அன்று அடித்த வரிகளை மறுபடி சேர்த்துவிட்டேன். அந்தக் கதையை இந்த மாதம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
எழுதுகிற ஒருத்தி