சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் ஏறாதது குறித்த கோரிக்கை மனு

பெங்களூரு,
21.10.2024

அனுப்புநர்:
கார்மெண்ட்ஸ் டெய்லர், பீன்யா
(பெயர், முகவரி, யூ.ஏ.என். என்னும் பி.எஃப். உறுப்பினர் எண் தனித்தாளில்)

பெறுநர்:
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்,
பீன்யா, பெங்களூரு.

பொருள்: 2023 ஆகஸ்ட் முதல் 2024 செப்டம்பர் வரை 14 மாதப் பி.எஃப். கட்டப்படாதது – விசாரித்து வசூலிக்க வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். 2015 மார்ச்சிலிருந்து பீன்யாவில் ஒரே கம்பெனியில் தைக்கிறேன். கன்னடம் பேசுவேன், எழுத வராது. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தந்த கன்னடப் படியையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மகளின் காலேஜ் ஃபீஸுக்கு பி.எஃப். அட்வான்ஸ் எடுக்கலாம் என்று போன மாதம் பி.எஃப். ஆபீஸின் 99660 44425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். கடைசியாகப் பணம் கட்டிய மாதம் 2023 ஜூலை என்று எஸ்.எம்.எஸ். வந்தது. நம்பவில்லை. மகள் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தாள். அதிலும் அதற்கப்புறம் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் சம்பளச் சீட்டில் மாதாமாதம் ரூ.1,488 பிடித்திருக்கிறார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த ரூ.12,400-க்கு 12 சதவீதம். 14 மாதத்துக்கு என் பங்கு மட்டும் ரூ.20,832. கம்பெனியும் இதே அளவு போட வேண்டும் என்பதால் மொத்தம் ரூ.41,664 வர வேண்டும். எச்.ஆரிடம் கேட்டால், "சர்வர் பிரச்சினைம்மா, எல்லாம் சேர்ந்து ஏறிடும்" என்கிறார்கள். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டுமாம். செப்டம்பருக்கான கெடுவும் போன வாரம் முடிந்துவிட்டது. சர்வர் பதினான்கு மாதமா படுத்திருக்கும்?

பணத்தைவிட எனக்குப் பென்ஷன்தான் கவலை. கம்பெனி போடும் 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். இந்த மாதங்களும் சேர்ந்தால் எனக்கு 9 வருடம் 7 மாதம் ஆகியிருக்கும். இப்போது கணக்கில் இருப்பதோ 8 வருடம் 5 மாதம்தான்.

எங்கள் லைனில் மற்றவர்களும் இதே நிலையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பலருக்குப் பார்க்கவே வழியில்லை. கணக்கில் பதிந்த மொபைல் பழைய நம்பராக இருந்தால் மிஸ்டு கால் கொடுத்தும் பதில் வராது. ஆதாரில் ஒரு இன்ஷியல், பி.எஃப்.பில் வேறு இன்ஷியல் என்று சிக்கிக்கொண்டவர்களும் உண்டு. தமிழ்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி.

ஆகவே, தாங்கள் 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தில் பாக்கியைக் கணக்கிட வழி செய்யும் 7ஏ பிரிவில் விசாரித்து, பாக்கியை 12 சதவீத வட்டியோடு வசூலித்து, விடுபட்ட மாதங்களைப் பென்ஷன் சர்வீஸிலும் சேர்க்க உத்தரவிட வேண்டும். என் ஒருத்தியின் கணக்கை மட்டும் எடுத்தால் யார் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும். கம்பெனி முழுவதற்குமான மாத இ.சி.ஆர். (யாருக்கு எவ்வளவு பி.எஃப். என்று கம்பெனி தரும் கணக்கு), பணம் கட்டிய சலான், சம்பளப் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மொபைல் எண், பெயர் திருத்தத்துக்குக் கம்பெனி வாசலிலேயே ஒரு நாள் முகாம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள் ஐயா, லீவு கேட்க வேண்டும்.

இணைப்பு: 14 சம்பளச் சீட்டு நகல்கள், பாஸ்புக் பிரதி, கன்னடப் படி.

இப்படிக்கு,
(கையொப்பம்)