மனித உரிமைப் பாடம் வேண்டும், ஐந்து மதிப்பெண் கேள்வியாக வேண்டாம்

பள்ளிக் கல்வித் துறைக்கும், புதிய பாடநூல்களை எழுத உட்காரும் குழுவினருக்கும்,

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பெயரையும் பள்ளியையும் போடவில்லை, அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்கே தெரியும். பாடத்திட்டத்தை மாற்றும் பேச்சு வந்தாலே "மனித உரிமைக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும்" என்று யாராவது ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள், கடைசியில் புத்தகத்தில் பத்துப் பக்கம் கூடும். இந்தத் தடவையும் அப்படிப் பத்துப் பக்கம் சேர்த்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

ஏனென்றால் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் 'மனித உரிமைகளும் ஐக்கிய நாடுகள் சபையும்', ஒன்பதாம் வகுப்பில் 'மனித உரிமைகள்'. சைரஸ் சிலிண்டர் கி.மு. 539, மேக்னா கார்ட்டா 1215, உலகளாவிய அறிவிப்பு 1948 டிசம்பர் 10, தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1993 என்று எல்லாம் இருக்கிறது. மோசமான பாடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரலாற்றையும் புவியியலையும் முடித்துக்கொண்டு நாங்கள் குடிமையியலுக்கு வந்து சேரும்போது தேர்வு தலைக்கு மேல் நிற்கும். பிள்ளைகளும் ஆண்டுகளை மனப்பாடம் செய்து 'பொருத்துக'வில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பாபிலோனைக் கைப்பற்றிய அரசன் யார் என்று டக்கென்று சொல்லும் பிள்ளையிடம், "உன்னை ஒரு ஆசிரியர் பிரம்பால் அடிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தப்பு செஞ்சா அடிக்கலாம் சார்" என்றுதான் பதில் வரும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு முன்பே, 2003இல், தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதற்குத் தடை போட்டாயிற்று. அந்தப் பிள்ளையின் முதுகைக் காக்கிற சட்டம் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பல ஆசிரியர்களுக்கே தெரியாது என்பது தனிக்கதை.

நம் பாடநூலின் முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்." இதைப் பார்க்காமல் இங்கே எவரும் படித்துமுடித்திருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள், இதே முதல் பக்கம் அச்சான புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்கள். அச்சடித்தால் போதும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் எல்லோரும் பேசியது சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறைப் பற்றித்தான். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: வகுப்பில் வைத்துப் பிள்ளையின் சாதியைச் சொல்லக் கூடாது என்பது. உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் ஒரு வகுப்பறையில் என்ன நடக்கும் தெரியுமா? "எஸ்சி பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று ஒரு குரல் கேட்கும். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, சீக்கிரம் கணக்கெடுத்து எமிஸில் (துறையின் இணையதளப் பதிவில்) ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிலர் உடனே எழுந்துவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் செருப்பைத் தேடுவதுபோல பெஞ்சுக்குக் கீழே குனிவார்கள், பக்கத்தில் இருக்கிறவன் முழங்கையால் இடித்து "உன்னையத்தான்டா" என்பான். அதற்கடுத்த பீரியடில் நான் போய், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பை நடத்த வேண்டும்.

அப்புறம், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' பெட்டி. நல்ல யோசனை, குறை சொல்லவே மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அந்தப் பெட்டியில் ஒரு பிள்ளை, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதிப் போட்டிருந்தாள். பெட்டியைத் திறந்ததும் நடந்த முதல் வேலை என்ன? தச்சரைக் கூப்பிடவில்லை. கட்டுரை நோட்டுகளை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதியது யார் என்று கண்டுபிடித்தார்கள். அவளைக் கூப்பிட்டு "பள்ளிக்கூடத்தோட மானத்தை வாங்குறியா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் எதுவும் போடவில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை பேசலாம், அதற்குக் காது கொடுக்க வேண்டும் என்கிறது குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. அதை அந்தப் பெண்ணுக்கு இனி எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது?

ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சை எடுத்தால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். "உரிமை கிரிமைன்னு சொல்லிக் கொடுத்தா அப்புறம் எவன் சார் நம்மள மதிப்பான்?" பெற்றோர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பைக் கட்டி மேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் 2019 ஜனவரியில் ஜாக்டோ ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) வேலைநிறுத்தத்தில் பழைய ஓய்வூதியம் எங்கள் உரிமை என்று தெருவில் நின்று கோஷம் போட்ட நாம்தான், ஒரு பிள்ளை தாழ்ப்பாள் கேட்டால் ஒழுங்கு கெட்டுவிட்டது என்கிறோம்.

நீதிபோதனை வகுப்பைக் கொஞ்சம் அழுத்தமாக நடத்தினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. (அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார் என்பது ஊரறிந்த விஷயம்.) பெரியவர்கள் சொன்னதைக் கேள், பொய் பேசாதே, பகிர்ந்து உண் என்று அங்கே எல்லாக் கட்டளையும் பிள்ளைக்குத்தான். உரிமைப் பாடம் கட்டுப்படுத்துவது எங்களை, உங்களை, அதிகாரியை. அதனால்தான் நமக்கு அது கசக்கிறது.

இது புது யோசனையும் இல்லை. மதுரையில் இருக்கும் மக்கள் கண்காணிப்பகம் 1997இலேயே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எழுதி, முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பல மாநிலங்களுக்கும் அது போனது. 2011இல் ஐநா பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் கல்வி அறிவிப்பும் இதையேதான் விரித்துச் சொல்கிறது: உரிமைகளைப் பற்றிச் சொல்லித் தருவது ஒரு பங்குதான், சொல்லித் தரும் முறையிலும் கற்பவரின், கற்பிப்பவரின் உரிமைக்கு மதிப்பு இருக்க வேண்டும். நம் ஊரிலேயே நடந்து பார்த்த விஷயத்துக்கு வெளிநாட்டு மாதிரியைத் தேட வேண்டாம், அந்த அனுபவம் உள்ள ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சரி, என்னதான் கேட்கிறேன்? ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பீரியட் கொடுங்கள், யாரும் கடன் வாங்க முடியாத பீரியடாக. அதற்குத் தேர்வு வைக்காதீர்கள், தயவுசெய்து வைக்காதீர்கள், மதிப்பெண் வந்த அன்றைக்கே கைடும் வந்துவிடும். மேக்னா கார்ட்டா ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கட்டும். ஆறாம் வகுப்பில் தங்கள் பள்ளியையே படிக்கட்டும்: கழிவறையை யார் கழுவுகிறார்கள், ஏன் அவர்களே கழுவுகிறார்கள், சத்துணவுக்கு வரிசையில் யார் முன்னால், பள்ளி மேலாண்மைக் குழு எப்போது கூடியது, அதில் என்ன தீர்மானம் போட்டார்கள். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக ஒரு தலைமை ஆசிரியர் கைதானார், ஞாபகம் இருக்கும். காய்ச்சலில் படுத்த பிள்ளையிடம் தாய் துருவிக் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. முதல் நாளே வீட்டில் வந்து சொல்லும் தைரியம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வந்தால் எனக்கு அது போதும்.

அடிப்பதைத் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவை நாலு வரியில், பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில், தீண்டாமை வாசகத்துக்குக் கீழேயே போடுங்கள், பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098உம் கல்வி உதவி எண் 14417உம் இருக்கட்டும். பெட்டியின் சாவியைப் பள்ளிக்கு வெளியே ஒருவரிடம் கொடுங்கள். புத்தகம் வருவதற்கு ஓராண்டு முன்பே குறுவள மையக் கூட்டங்களில் எங்களுக்குப் பயிற்சியைத் தொடங்குங்கள், பவர்பாயிண்ட் போட்டு டீ கொடுத்து அனுப்பாமல், எங்கள் சாதியையும் எங்கள் பிரம்பையும் பற்றி எங்களையே பேச வைக்கும் பயிற்சியாக. சண்டை வரும், வரட்டும்.

வரைவுப் பாடத்தை எங்கள் கருத்துக்கு அனுப்பும்போது, அதே வரைவை நாலைந்து அரசுப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கொடுத்து, ஆசிரியர் இல்லாத அறையில் வாசிக்க வைத்து, அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் செய்வதானால் ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அறை காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் தோதாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்