தோண்டிய சாலையை ஓரம் வரை மூடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையின் காற்று மாசு என்றதும் வாகனப் புகை, போகிப் புகை, வடசென்னை ஆலைகள் என்றுதான் பேசுகிறோம். சாலையைத் தோண்டி அரைகுறையாக மூடுவதால் கிளம்பும் புழுதியை மட்டும் ஏனோ சகித்துக்கொண்டு போகிறோம்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி மட்டுமே ஏறக்குறைய 119 கிலோமீட்டர். அது போக மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், கேபிள். இவையெல்லாம் தேவைதான், மெட்ரோ ஓடினால் பைக்கும் காரும் குறையும். என் ஆதங்கம், தோண்டிய வேலை முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

எங்கள் தெருவில் குழாய் பதித்தவர்கள் பள்ளத்தில் மண்ணைத் தள்ளி, மேலே கொஞ்சம் ஜல்லி கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மழையில் அது சேறாகி, டயர்களில் ஒட்டிக்கொண்டு பிரதான சாலையின் தார் வரை வந்தது. அப்புறம் வெயில். காய்ந்த மண்ணின் மேல் பஸ்ஸும் தண்ணீர் லாரியும் ஏறி ஏறி, இப்போது அது மாவாக அரைபட்டுக் கிடக்கிறது. முனையில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா ஈரத்துணியால் பழங்களைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். மதியத்துக்குள் துணி செம்மண் நிறமாகிவிடுகிறது. அவர் நாள் முழுக்க சுவாசிப்பதும் அதே புழுதியைத்தான். தூய்மைப் பணியாளர்கள் காலையில் கூட்டிச் சாலைத் தடுப்பு ஓரம் குவிக்கிறார்கள். அள்ளுவதற்குள் பாதி மறுபடி காற்றில் ஏறிவிடுகிறது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு அவர்கள் படும் பாட்டைப் பார்க்கவே முடியவில்லை.

பிஎம் 10 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் நாள் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 45. நம் நகரங்களில் இந்தத் துகளில் பெரும்பங்கு சாலைப் புழுதி. சென்னையில் 2025 ஜூன் இறுதியில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது நல்ல விஷயம். ஆனால், புகை விடாத பஸ்ஸின் டயரும் புழுதியைக் கிளப்பத்தான் செய்யும். சாலை சரியாக இல்லாவிட்டால் பாதிப் பலன் வீண்.

புதிதாகச் சட்டம் எதுவும் போட வேண்டாம். மாசு வரம்பைத் தாண்டிய நகரங்களில், தூசு தடுப்பு ஏற்பாடு இல்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது, மண்ணும் இடிபாடும் மூடாமல் கிடக்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 ஜனவரியிலேயே விதி கொண்டுவந்துவிட்டது. நல்ல சாலை போடவும் நமக்குத் தெரியும். 2019இல் தி.நகர் பாண்டி பஜாரில் அமைத்த அகல நடைபாதையைப் பாருங்கள். தார் முடியும் இடத்தில் கல்தளம் தொடங்குகிறது; இடையில் புழுதி கிளம்ப வெறும் மண் இல்லை. தி.நகரில் முடிந்தது மற்ற பகுதிகளில் முடியாதா?

தோண்டிய இடத்தைக் கெட்டித்து, தார் போட்டு, நடைபாதை ஓரம் வரை மூடி, மிச்ச மண்ணை அள்ளிய பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் சாலை பழையபடி ஆகும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற பலகையைத் தோண்டும் நாளன்றே அங்கே வைக்க வேண்டும். மாநகராட்சி இதை வரும் மழைக்காலத்துக்கு முன்பே கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, சென்னை