கழிவு மேட்டுச் சரிவு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். நாங்கள் விதைத்த சரிவிலும் இந்த மழைக்குப் புல் நன்றாகப் பிடித்துவிட்டது.

சரி, சுரங்கக் கழிவு மேட்டில் எந்தச் செடி நிற்கும் என்று கேட்டிருந்தாய். செடியை அப்புறம் பார்க்கலாம். முதலில் மழை நேரத்தில் மேட்டின் உச்சியில், விளிம்பிலிருந்து தள்ளி நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். லாரிகள் ஓடி இறுகிய தளத்தில் நீர் உள்ளே இறங்காது. விளிம்பில் தாழ்வான ஓர் இடத்தைத் தேடிப்போய் மொத்தமாகக் கொட்டும். பெரிய அரிப்புப் பள்ளங்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. விளிம்பில் வரப்பு போட்டு, தளத்தை உள்பக்கம் சாய்த்து, கல் பதித்த வடிகாலில் நீரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டதெல்லாம் மண்ணோடு போய்விடும்.

டிப்பர் கொட்டியபடியே விட்ட சரிவு ஏறக்குறைய 35 டிகிரி இருக்கும். மேல்மண் அதில் தங்காது. 20 டிகிரி வாக்கில் தணிக்கச் சொல். இடமில்லையென்றால் நடுநடுவே படி வெட்டட்டும். கடைசியில் புல்டோசரை மேலும் கீழுமாக ஓட்டச் சொல். அப்போதுதான் அதன் சங்கிலிப் பட்டையின் தடம் சரிவுக்குக் குறுக்கே விழும். எங்கள் சரிவில் முதலில் முளை தெரிந்தது அந்தத் தடங்களுக்குள்தான், கோடு கோடாக. குறுக்கே ஓட்டினால் தடம் மேலிருந்து கீழே விழுந்து, தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுத்துவிடும். மழமழவென்று இழைத்த சரிவு பார்க்க அழகாக இருக்கும், விதைதான் நிற்காது.

கழிவில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கிறதா என்றும் சோதித்துக்கொள். காற்றும் நீரும் பட்டால் அது அமிலமாகி வேரைக் கருக்கிவிடும். அமிலம் இல்லையென்றால் சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் வரிசைகளில் வெட்டிவேர், இடையில் உள்ளூர்ப் புல்லும் பயறு வகைகளும் போதும். புல்லை ரொம்ப நெருக்கமாக விதைத்தால் மரக்கன்று எழும்பாது.

அடிவாரத்தில் எங்காவது நீர் கசிந்தால் உடனே பொறியாளரைக் கூப்பிடு. 1966-இல் வேல்ஸின் அபர்ஃபானில், ஊற்றின் மேல் குவித்த நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மாதிரி ஆழத்தில் ஊறும் நீரைப் புல்லின் வேர் ஒன்றும் செய்ய முடியாது.

மழைக்கு முன் விதைத்தாக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். வடிகால் முடியாமல் சம்மதிக்காதே. மண் பரிசோதனை முடிவு வந்ததும் அனுப்பு, விதைக் கலவையைச் சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
கணேசன்