பெடல் மிதிக்க ஒரு ஆள்

அரவேணு
ஐப்பசி, மழை கொஞ்சம் விட்ட மதியம்

அன்பு மாப்ளே,

நீ வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்தேன். "ரிட்டயர்டு வாத்தியார் காருக்கு அடியில படுத்துக் கிடக்கார், கிறுக்குப் பிடிச்சிடுச்சா?" என்று கேட்டிருக்கிறாய். அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பியது உன் தங்கச்சி என்பது எனக்குத் தெரியும். செல்போனில் நாலு வரிக்குமேல் தட்டினால் எனக்கு விரல் வலிக்கிறது. அதனால் பழையபடி பேப்பரும் பேனாவும்.

முதலில் ஒரு திருத்தம். நான் அடியில் படுக்கவில்லை. சாக்கு விரித்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பிரேக் வேலைக்குப் படுக்கவே வேண்டாம். சக்கரத்தைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குள் தலையை விடுகிற ஆளும் நான் இல்லை. ஸ்டாண்ட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வைப்பேன். ஜாக்கி சறுக்கினால்கூட வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும்.

ஆனால் நீ கேட்ட கேள்வி அது இல்லை. அதே 2004 மாடல் மாருதி 800 தான் இன்னும் ஓடுகிறது. 2019-ல் ஒரு தடவை, 2024-ல் ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு, ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறாய். நீ தஞ்சாவூர்க்காரன், அப்படித்தான் கேட்பாய். உங்கள் ஊரில் மாடு குறுக்கே வந்தால்தான் பிரேக் ஞாபகம் வரும். இங்கே நீலகிரி மலையில் வாசலை விட்டு இறங்கினாலே பிரேக்தான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், காரமடையில் ஒரு கல்யாணத்துக்காக விடிகாலையில் இறங்கினோம். குஞ்சப்பனை தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். அவன் இரண்டாவது கியரில் நிதானமாகப் போகிறான். எனக்கு முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று பரபரப்பு. மூன்றாவது கியரிலேயே அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்கினேன். அடுத்த வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இன்னொரு தடவை மிதித்தேன், இன்னும் உள்ளே போனது. உன் தங்கச்சி பக்கத்தில் மல்லிகைப்பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது கியருக்கு இறக்கினேன், இன்ஜின் அலறியது, அப்புறம் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினேன். அவள் கேட்டது, "ஏன், டீ குடிக்கணுமா?"

அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். சூடு ஆறியதும் பெடல் ஒன்றுமே நடக்காதது மாதிரி பழையபடி கெட்டியாகிவிட்டது. அதுதான் என்னை உறுத்தியது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கொதிநிலை பற்றிப் பாடம் எடுத்தவன் நான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் ஆளும் சேர்த்து ஆயிரம் கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 1400 மீட்டருக்குமேல் இறக்கம். இந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பெரிய அண்டாத் தண்ணீர், மாப்ளே! சரியான கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். நான் செய்த மாதிரி இறங்கினால் முன்சக்கரத்து இரும்புத் தட்டான டிஸ்க்கைக் கவ்வும் உள்ளங்கை அளவு பேட் இரண்டு ஜோடியும், பின்சக்கரத்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களும் அந்த அண்டாவைச் சுமக்க வேண்டும்.

அதோடு இன்னொன்று. பிரேக் ஆயில் என்று நாம் சொல்கிறோமே, அது ஆயிலே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதித்திருக்கும் வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீ மிதிப்பதெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. வருஷத்தில் பாதி நாள் மஞ்சு மூடிக் கிடக்கிற ஊரில் நான் ஆறு வருஷமாக அதை மாற்றவே இல்லை. புதுசு வெளிறிய தேன் நிறத்தில் இருக்கும். என் வண்டியிலிருந்து வடிந்தது காப்பி டிகாக்‌ஷன்.

இதில் ஒர்க்‌ஷாப்புக்கும் பங்கு உண்டு. கீழே ஒரு இடத்தில் அதற்கு நாலு மாதம் முன்னால்தான் 'பிரேக் சர்வீஸ்' என்று பில் போட்டு வாங்கினார்கள். நானே முதல் தடவை பின் டிரம்மைக் கழற்றியபோது பார்த்தேன், ஒரு பக்கத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ முழுக்க ஊறிப் போயிருந்தது. அந்த டிரம்மை யாரும் திறந்து வருஷக்கணக்காகியிருக்கும், துரு அப்படி. சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தாலும் நான் மூன்றாவது கியரில் இறங்கினேன் என்பது மாறாதே.

அன்றிலிருந்துதான் கையில் ஸ்பேனர் எடுத்தேன். முன்சக்கரத்தில் பேட் மாற்றுவது ஒன்றும் பிரமாதமில்லை. பேட்டைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றி, பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அமுக்கி, புது பேட்டை உட்கார வைத்தால் முடிந்தது. பேட் தேய்ந்து மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் நான் யோசிப்பதில்லை, மாற்றிவிடுவேன். பிஸ்டனை அமுக்கும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறி வழியும் என்பதை முதல் தடவை மறந்துவிட்டேன். வழிந்த இடத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும்.

அது சின்னத் தப்பு. பெரிய தப்பைக் கேள். முதல் முறை எல்லாம் மாட்டி, வீல் நட் முறுக்கி, கை கழுவிக்கொண்டு, பெருமையாக வண்டியை எடுத்தேன். பிஸ்டன் உள்ளே போயிருக்கிறது அல்லவா, அது திரும்ப வந்து பேட்டைத் தொடுகிற வரைக்கும் பெடலை நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். நான் மிதிக்கவில்லை. எங்கள் வாசல் சரிவு உனக்குத் தெரியும். பெடல் தரை வரை போக, வண்டி நேரே பக்கத்து வீட்டு பீட்ரூட் பாத்தியில் இறங்கியது. நல்லவேளை, வேலியில் ஒரு கம்பமும் பத்துப் பன்னிரண்டு பீட்ரூட்டும்தான் போயின. பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் என் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்ப்பார். இப்போது ஸ்டீயரிங் மேல் 'மிதி' என்று எழுதி ஒட்டாமல் வேலையே ஆரம்பிப்பதில்லை.

பின் டிரம் வேறு சங்கதி. ஸ்பிரிங்குகளும் கொக்கிகளும் பார்த்தால் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்த மாதிரி இருக்கும். நான் ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொடுவேன். எது எங்கே என்று குழம்பினால் திறக்காத பக்கம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பார்கள். ஈரத்துணியால் துடைத்துத் துணியையே தூக்கிப் போட்டுவிடுகிறேன். இன்னொரு மலைப்பாடம்: இந்த மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு ஒரு வாரம் விட்டால் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில் நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு கல்.

ஏர் எடுப்பதற்குத்தான், அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றத்தான், உன் தங்கச்சி. நான் சக்கரத்தருகே, காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில் டியூப் மாட்டி, டியூபின் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள். அவள் சீட்டில். "மிதி" என்பேன், மிதிப்பாள். "பிடி" என்பேன், நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும், மூடுவேன். மூடிய பிறகுதான் "விடு". நடுவில் அவள் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மேலே டப்பா காலியானாலும் அதே கதைதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆனது, இரண்டு சண்டை வந்தது. இப்போது நாற்பது நிமிஷம். நான் வாயைத் திறப்பதற்குள் மிதித்துவிடுகிறாள், பெடலில் கால் வைத்தே "இன்னும் காத்து இருக்கு" என்கிறாள். என் கையைவிட அவள் காலுக்குத்தான் அது நன்றாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று நினைக்காதே. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் இரும்புக் குழாய்களையும் தொடமாட்டேன். அதற்குக் கோத்தகிரியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், எங்களைவிடச் சின்னவர். நான் செய்து முடித்ததையும் அவரிடம் காட்டித்தான் மலை இறங்குவேன். ஒருமுறை நான் மாட்டிய ஸ்பிரிங்கைப் பார்த்து, "சார், இது ரைட் சைடு ஸ்பிரிங்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மரியாதைக்கே அவரிடம் போகலாம்.

நீயும் நானும் கல்லாறிலிருந்து ரயிலில் குன்னூருக்கு ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு வருவாரே, இன்ஜின் இருக்கும்போது இவருக்கு என்ன வேலை என்று நீ கேட்டாய். 1899-ல் அந்தப் பாதையைத் திறந்தவர்கள், பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற சரிவில் ஒரே பிரேக்கை நம்பத் தயாராக இல்லை. பல்சக்கரத்துக்குத் தனி பிரேக், இன்ஜினில் தனி, பெட்டிக்குப் பெட்டி தனி. அந்தப் பகுதியில் இன்ஜினும் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். அன்று உனக்கு நான் ஏதோ பொய்யாகப் பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். இதுதான் சரியான பதில், நாற்பது வருஷம் லேட்.

மே மாதம் நீ வந்து பார்க்க வேண்டும். சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குகிறார்கள். அவ்வளவு வண்டியும் எங்கள் வழிதான். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ வாசனையும் கருகிய பிரேக் வாசனையும் சேர்ந்து அடிக்கும். சக்கரத்தில் புகை வந்ததும் பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், டிஸ்க் கோணிவிடும், சும்மா அரை மணி நேரம் நில்லுங்கள் என்று இறங்கிப் போய்ச் சொல்வேன். யாரடா இந்தக் கிழவன் என்று பார்ப்பார்கள். பலாவுக்கு யானை வரும் என்று சொன்னால் மட்டும் உடனே காரில் ஏறிக்கொள்வார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

தேயிலை விலை பற்றிக் கேட்டிருந்தாய். அதை எழுதினால் இன்னும் நாலு பக்கம் போகும், மனசும் கெட்டுப்போகும். நேரில் பேசலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள், சந்தோஷம்.

ஒரு விஷயம். பின்னால் இடது பக்கம் இரண்டு நாளாக 'கிரீச்' என்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம் என்றிருக்கிறேன். உன் தங்கச்சி சனிக்கிழமையே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள், வருவதற்கு இரண்டு வாரம் ஆகும். நீயும் வெட்டியாகத்தான் இருக்கிறாய். மேட்டுப்பாளையம் வந்து கோத்தகிரி பஸ் பிடித்தால் அரவேணுவிலேயே இறங்கிக்கொள்ளலாம். வலது முழங்கால்தானே வலிக்கிறது என்றாய்? இடது காலால் மிதித்தாலும் பெடல் வேண்டாம் என்று சொல்லாது.

அன்புடன்,
உன் அரவேணுக்காரன்