லென்ஸை விற்கும் முன் மில்லிமீட்டரைப் பாருங்கள்: செங்கோட்டை முதல் புனலூர் வரை உள்ள லைக்கா எம் லென்ஸ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பி தங்கையருக்கும், கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேட்டன்மார்களுக்கும் வணக்கம்.

ஜெர்மன் கேமரா நிறுவனமான லைக்கா அடுத்து என்ன கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு இந்தச் சாரல் காலத்தில் மறுபடி கிளம்பியிருக்கிறது. கையால் ஃபோகஸ் வைக்கும் எம் வரிசையில் ஆட்டோ ஃபோகஸ் கேமரா வரும் என்கிறார் ஒருவர். லென்ஸ் கழற்ற முடியாத கியூ மாதிரி சின்ன பாடியில் லென்ஸ் மாற்றும் வசதி வரும் என்கிறார் இன்னொருவர். பெரிய சென்சாரோடு எஸ் வரிசை திரும்பி வரும் என்கிறார் மூன்றாமவர். பேசட்டும். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டு, கையில் இருக்கும் 35, 50 மி.மீ. சம்மிக்ரான் லென்ஸ்களைத் தரகர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடத் துடிக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்த மடல். கொஞ்சம் பொறுங்கள்.

புது பாடியில் உங்கள் லென்ஸ் உட்காருமா என்பதை ஒரே ஓர் அளவு சொல்லிவிடும். மவுண்டின், அதாவது லென்ஸ் மாட்டும் வாயின், உலோக முகத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரம்தான் அது. எம் மவுண்டில் அது 27.80 மி.மீ. புது பாடியில் அதைவிடக் குறைவு என்றால், வித்தியாசத்துக்கு ஒரு வளையம் போட்டு லென்ஸை மாட்டிவிடலாம். கூடுதல் என்றால், இடையில் ஒரு கண்ணாடி வைக்காமல் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகவே ஆகாது. விளம்பரத்தில் இந்த எண் பெரிய எழுத்தில் வராது. விவரத் தாளில் தேடிப் பிடியுங்கள்.

பழைய கணக்கைப் பாருங்கள். 1930களின் திருகு மவுண்டுக்கு 28.80 மி.மீ. 1954-இல் முதல் எம் கேமராவான எம்3 வந்தபோது 27.80 ஆனது. அந்த ஒரு மில்லிமீட்டரை வேண்டுமென்றேதான் விட்டார்கள். ஒரு மி.மீ. கனமுள்ள வளையத்தில் பழைய லென்ஸ் எல்லாம் புது பாடிக்கு வந்து சேர்ந்தது. எம்3 வந்த ஆண்டில் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். ஊர் மாநிலம் மாறிவிட்டது, அந்த மவுண்ட் இன்னும் மாறவில்லை. 2009-இல் லைக்காவின் ஆர் வரிசை எஸ்எல்ஆர் கேமராக்கள் நின்றுபோயின. அந்த மவுண்டின் தூரம் 47.0 மி.மீ. இனி அந்த லென்ஸ்கள் பேப்பர் வெயிட்தான் என்று பேசினார்கள். 2015-இல் 20.0 மி.மீ. தூரமுள்ள எல் மவுண்டோடு எஸ்எல் கேமரா வந்தது, 27 மி.மீ. வளையம் போட்டு ஆர் லென்ஸ்கள் அதில் ஏறிவிட்டன. 2018-இல் பானசோனிக்கும் சிக்மாவும் அதே எல் மவுண்டில் சேர்ந்துகொண்டதால், இன்று எம் லென்ஸ் மாட்ட லைக்கா பாடிதான் வேண்டும் என்றுகூட இல்லை.

இப்போது வதந்திகளுக்கு வருவோம். ஆட்டோ ஃபோகஸ் எம் என்பதை நாங்கள் கடைசியில்தான் நம்புவோம். எம் லென்ஸில் மோட்டாரும் இல்லை, மின்முனையும் இல்லை. உள்ளே இருப்பது உலோகத் திருகுமறை மட்டும். ஆட்டோ ஃபோகஸ் வேண்டும் என்பவருக்கு அவர்களிடமே எல் மவுண்ட் இருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த எம் இவி1 கேமராவைப் பாருங்கள். இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்துவிட்டு மின்னணு வியூஃபைண்டர் வைத்தார்கள், எம் மவுண்டை மட்டும் தொடவில்லை. கை ஆட்டத்தை ஈடுகட்டும் சென்சார் எம் பாடிக்குள் வருமா என்பதற்கு இடம்தான் தடை. எம்11 கேமராவின் கனமே 38.5 மி.மீ., அதில் பெரும்பங்கு மவுண்ட் தூரத்துக்கே போய்விடுகிறது. சின்ன எல் மவுண்ட் பாடி என்பது நடக்கக்கூடியது, 2017-இல் சிஎல் அப்படித்தான் வந்தது. எஸ் திரும்பினால் நமக்கு லாபம் இல்லை. எம் லென்ஸ் 24×36 மி.மீ. சட்டத்துக்குச் செய்தது, பழைய எஸ் சென்சாரோ 30×45. மாட்டினாலும் மூலை இருட்டாகத்தான் விழும்.

ஆக, உங்கள் லென்ஸ் அடுத்துப் போய் நிற்கும் இடம் எம் பாடியாக இருக்கலாம், இல்லையென்றால் வளையம் போட்ட எல் பாடி. கோளாறு வருவது அந்த வளையத்தில்தான்.

எம்-மிலிருந்து எல்-லுக்கு வளையம் 7.80 மி.மீ. இருக்க வேண்டும். மலிவு வளையங்களை வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகக் கடைவார்கள். தடிமன் கூடினால் தூரம் ஃபோகஸ் ஆகாது, வாங்கியவர் உடனே திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். மெலிந்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ஆனால் 0.05 மி.மீ., அதாவது ஏ4 தாளில் பாதிக் கனம் குறைந்தாலே 50 மி.மீ. லென்ஸில் மலை உச்சியின் ஃபோகஸ் 50 மீட்டர் குறியில் வந்து நிற்கும். 28-இல் சுமார் 16 மீட்டரில், 21-இல் 9 மீட்டருக்குள். லென்ஸில் எழுதிய தூரத்தை நம்பி ஃபோகஸ் வைப்பவருக்கு எல்லாப் படமும் போச்சு. கிட்ட வரும்போது உள்கண்ணாடி தனியாக நகரும் 50 சம்மிலக்ஸ் ஏஎஸ்பிஎச் மாதிரி லென்ஸ்களில் அந்தக் கண்ணாடியும் தவறான இடத்தில் நிற்பதால் மூலைகளும் கெடும்.

சோதிப்பது சுலபம். மழை விட்ட காலையில் மேற்கே மலை தெளிந்ததும் கேமராவை முக்காலியில் வையுங்கள். லென்ஸை முழுத் திறப்பில் வைத்து, முடிவிலிக் குறி முட்டும்வரை திருகுங்கள். திரையை முழுசாகப் பெரிதாக்கி மலைமேல் உள்ள ஒரு டவரைப் பாருங்கள். முட்டிய இடத்திலேயே கூர்மை என்றால் வளையம் சரி. கொஞ்சம் பின்னால் திருப்பினால்தான் கூர்மை வருகிறது என்றால் மெலிவு. முட்டியும் கூர்மை வரவில்லை என்றால் தடிப்பு. 50-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் தப்பித்துவிடும். உங்களிடம் உள்ள மிக அகலமான லென்ஸில் பாருங்கள். படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் வேறு லென்ஸ் மாட்டுங்கள். அதே பக்கம் மறுபடி மங்கினால் வளையம் சாய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து நாலு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சென்சார் மேல் உள்ள கண்ணாடி. எம் லென்ஸின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் நிற்பதால் மூலைகளில் ஒளி சாய்ந்து விழும். சாய்ந்த ஒளி தடித்த கண்ணாடி வழியே போனால் மூலை இழுபடும். லைக்கா எம் பாடிகளில் இந்தக் கண்ணாடி மெலிது, வேறு நிறுவனப் பாடிகள் பலவற்றில் தடிப்பு. கழுதுருட்டிப் பக்கம் உள்ள பதின்மூன்று கண் பாலத்துக்கு நேராக நின்று 28-இல் எஃப்2.8 என்ற பெரிய திறப்பு, எஃப்8 என்ற சின்னத் திறப்பு இரண்டிலும் எடுங்கள். கருங்கல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிய வேண்டும். எஃப்8-லும் மூலைக் கல் இழுபட்டால் குற்றம் பெரும்பாலும் லென்ஸில் இல்லை. லைக்காவின் சொந்த எம்-எல் வளையம் எந்த லென்ஸ் என்று சொல்லும் ஆறு புள்ளிக் குறியீட்டை லென்ஸ் மவுண்டிலிருந்து படித்து, மூலை நிறத்தைத் திருத்த பாடிக்குச் சொல்லும். மலிவு வளையத்தில் லென்ஸ் பெயரை மெனுவில் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் பாடி வைத்திருப்பவர் பைக்கில் மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறி இறங்கியபின் ஒருமுறை டவரைப் பாருங்கள். இரட்டை உருவம் மேல்கீழாக விலகினால் கண்ணுக்குத்தான் தொந்தரவு. பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸே தப்பு. 50 எஃப்1.4-இல் ஒரு மீட்டர் தூரத்துக்குக் கூர்மையின் ஆழம் மூன்று செ.மீ. சொச்சம், 60 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்த்தால் அதுவும் இல்லை. மவுண்டுக்குள் தெரியும் உருளையின் திருகைத் தயவுசெய்து நீங்கள் தொட வேண்டாம். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தனித்தனித் திருத்தம், ஒன்றை நகர்த்தினால் மற்றது கெடும்.

சாரலைப் பற்றி எந்த வதந்தியும் பேசுவதில்லை, நமக்கோ அதுதான் முதல் கேள்வி. எஸ்எல்2, எஸ்எல்3 பாடிகளுக்கு தூசியும் நீர்த்தெறிப்பும் தாங்கும் ஐபி54 தரம் உண்டு. எம் பாடிக்கு அப்படி எதுவும் இல்லை, லென்ஸ் மவுண்டில் ரப்பர் வளையமும் கிடையாது. புளியரை ஏற்றத்தில் சாரலடிக்கும்போது லென்ஸ் மாற்றவே வேண்டாம். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு அரை மணி நேரம் வையுங்கள், வேர்வை கவரின் மேல் படியட்டும். தோல் உறையில் வைத்து மூடுவது பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ட்ரை கேபினெட் வாங்க முடியாதவர் ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் டப்பாவில் அரை கிலோ சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரமானியும் வையுங்கள். முள் 45 சதவீதத்துக்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும், 30-க்குக் கீழே போனால் கிரீஸ் காயும். ஆரஞ்சு நிற ஜெல்லையே வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல ஜெல்லில் கோபால்ட் உண்டு, அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது.

புது பாடி எது வந்தாலும் முன்பணம் கட்டும் முன் உங்கள் லென்ஸையும் ஒரு கார்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மவுண்ட் தூரம் எத்தனை, ஈரம் தாங்கும் தரம் என்ன என்று கேளுங்கள். வாசலுக்கு வந்து டவர் சோதனையையும், எதிர்ச் சுவரை வைத்து மூலைச் சோதனையையும் செய்து பாருங்கள். சந்தேகம் என்றால் கோப்புகளை எங்களிடம் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். வாட்ஸாப்பில் சுருக்கி அனுப்ப வேண்டாம், மூலைக் கல் தெரியாது. கேமராவின் மூலப் பதிவான டிஎன்ஜி கோப்பாகவே கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
செங்கோட்டைப் பக்கம் கேமரா பழுது பார்ப்போர்